மாடியில் தண்ணீர் வருமா என்று கேட்டாய்

புளியங்குடி,
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் சின்னவனும் நலமாயிருக்க கோமதி அம்மன் துணை.

செவ்வாய்க்கிழமை போனில் மாடியில் தண்ணீர் வருமா என்று கேட்டாய். வரும் என்றேன். 'சரிப்பா' என்று வைத்துவிட்டாய். வீடு கட்டி இத்தனை வருஷத்தில் மாடித் தண்ணீரைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. பொங்கலுக்கு வந்தால்கூட மூன்று நாளும் கீழே கூடத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறீர்கள். அப்புறம் புதன்கிழமை அக்கா சொன்னாள், 'ஊரோட வந்துரலாம்னு பாக்கான் போல' என்று. அவளிடம் விஷயத்தைச் சொன்னாய், என்னிடம் தண்ணீரைக் கேட்டாய். போகட்டும். நானும் எங்கப்பாவிடம் நேராக எதையும் கேட்டவனில்லை.

நீ பேசும்போது காலை பதினோரு மணி. சின்னவன் பக்கத்தில் நின்று ஏதோ பென்சில் சீவித் தரச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின வாரமும் இதே நேரத்துக்குத்தான் பேசினாய். லீவு போட்டிருப்பாய். இல்லையென்றால் வீட்டிலிருந்து வேலையாக இருக்கும். நான் கேட்கவில்லை. அக்கா கேட்கச் சொன்னாள், முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பிஎஃப் பணத்தைத் தொடாதே.

மண்டியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவனுக்குப் பற்று வரவு போட்டுப் பார்த்தால்தான் எதுவும் புரியும். ராத்திரி பழைய டைரியில் போட்டேன். சென்னையில் பெரும்பாக்கம் வீட்டு வாடகை 24,000. பாப்பா பள்ளிக்கூடத்துக்கு வருஷம் ஒரு லட்சத்துக்கு மேல், வேன் தனி. சின்னவனையும் சேர்த்தாயிற்று என்றாய், அது எவ்வளவு என்று நீ சொல்லவில்லை, குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டேன். இங்கே வாடகை கிடையாது. பால், காய்கறி பாதிப் பணத்தில் முடியும். பற்றுப் பக்கம் அழகாகக் குறைகிறது. வரவுப் பக்கத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

உனக்குக் கம்ப்யூட்டர் இருந்தால் எங்கேயும் வேலை என்பாய். சரி. தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது, எதிர்வீட்டுப் பையன் பெங்களூர்க் கம்பெனிக்கு இங்கேயிருந்துதான் வேலை பார்க்கிறான். மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்கள், அதற்கு இன்வெர்ட்டர் போட்டிருக்கிறான். சோகோ என்கிற சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் தென்காசிப் பக்கம் 2011-லேயே ஆபீஸ் போட்டாயிற்று. அதை ஆரம்பித்த ஸ்ரீதர் வேம்புவே மத்தளம்பாறையில் வந்து உட்கார்ந்துகொண்டு சைக்கிளில் போகிறார், அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்மூரிலிருந்து அங்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நீ அங்கே எழுதிப் போட்டிருக்கிறாயா என்றும் நான் கேட்கவில்லை.

ஆனால் மருமகளுக்கு வரவுப் பக்கத்தில் என்ன எழுத? எட்டு வருஷமாக ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற பிள்ளை. இங்கே ஆடிட்டரைப் பார்க்க நாங்களே தென்காசிக்கோ ராஜபாளையத்துக்கோதான் பஸ் ஏறுவோம். நீ 'ஊருக்குத் திரும்புகிறேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் எங்கே திரும்புகிறாள்? அவள் தாம்பரத்தில் பிறந்தவள். அவளுக்கு இது கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷம் கழித்து மறுபடி மாமனார் வீட்டுக்கு வருவது. கீழ வீட்டு ஆச்சியை உனக்குத் தெரியும். நைட்டியோடு குப்பை கொட்ட வந்தால் ஒன்று சொல்லும், வராவிட்டால் ஒன்று சொல்லும். உங்கம்மா அதையெல்லாம் முப்பது வருஷம் கேட்டுக்கொண்டு இருந்தாள் என்பதற்காக இவளும் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஸ்கூட்டியில் ஆபீஸ் போய், தன் சம்பளத்தில் தன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி வைத்த பெண். அவள் வாயால் 'சரி' என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் போதாது.

விவசாயம் பார்க்கலாம் என்று யூடியூபைப் பார்த்துவிட்டு வராதே. வடக்குத் தோட்டத்துக்குச் சித்தப்பா இன்னும் ஒரு முடிவு சொல்லவில்லை. சொன்னாலும் ஒன்றரை ஏக்கர் எலுமிச்சை ஒரு குடும்பத்துக்குக் காணாது. கோடையில் கிலோ நூறைத் தாண்டும், எல்லோரும் கார் வாங்கப் போவதுபோல் பேசுவார்கள். அதே காய் மழைக் காலத்தில் பதினைந்து ரூபாய்க்குக் கேட்க ஆளிருக்காது. பறிக்கிற கூலியும் மூடைக்கூலியும் கமிஷனும் போக விவசாயிக்கு மிச்சம் எவ்வளவு என்று நானே என் கையால் எத்தனை பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது பார்த்திருக்கிறாயா, கையெல்லாம் முள் கிழித்த கோடாக இருக்கும். மேற்கே மலையடிவாரத்தில் ஆனை இறங்குகிறது, தென்னங்குருத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறது. பன்றிக்குப் பயந்து பாதிப்பேர் கிழங்கு வகையே போடுவதில்லை.

நீ பட்டணத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நீங்கள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்ததும், சின்னவன் பாலுக்காக நீ இடுப்பளவுத் தண்ணீரில் நடந்ததும் எனக்கு மறக்கவில்லை. ஊருக்கு வாங்கள் என்று அன்றைக்கு நான்தான் கத்தினேன். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, இந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. பாப்பா கெட்டிக்காரி, எங்கே போட்டாலும் படிப்பாள். அரசுப் பள்ளியில் இப்போது காலையிலேயே உப்புமா, பொங்கல் என்று சாப்பாடு போடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்தால் டாக்டர் படிப்புக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு வேறு, 2020-லிருந்து. நீ சிரிப்பாய். உன்னை அரசுப் பள்ளியிலிருந்து பிடுங்கிப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் கொண்டுபோய்த் தள்ளினவனே இந்த அப்பாதானே. 'படிக்காட்டா இங்கதான் மூடை தூக்கணும்' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 2009-ல் உனக்கு வேலை கிடைத்தபோது மண்டியில் ஆளுக்கு ரெண்டு லட்டு கொடுத்தேன், கேரளா லாரி டிரைவர்கள் உட்பட. இப்போது நீ பெட்டியோடு வந்து இறங்கினால் அதே ஆட்கள் 'என்ன, பையன் வேலைய விட்டுட்டானா' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் கூசுகிறேன் என்பதும் உண்மைதான். அதை உன் கணக்கில் சேர்க்காதே, அது என் பிரச்சினை.

பிஎஃப் பணத்தைத் தொடாதே. கைச்செலவுக்கு வேண்டுமென்றால் போஸ்டாபீஸில் உங்கம்மா பெயரில் இருந்தது என் பெயருக்கு மாறிக் கிடக்கிறது. சும்மா சொன்னேன்.

இதை எழுத உட்கார்ந்து நாலு நாள் ஆயிற்று. ஏன் என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் பின்வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் சொன்னாள், 'அத்தைக்கு நடந்தது மறந்துபோச்சா? ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு, ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகுற ஊருக்கா?' நீ பதில் பேசவில்லை. எதற்காக அந்தப் பேச்சு என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. புதன்கிழமை அக்கா சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

ஐயா, ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தது.

2018 ஐப்பசி. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு உங்கம்மா நெஞ்சு கரிக்கிறது என்றாள். மத்தியானம் வைத்த உருளைக்கிழங்கு வாயு என்றேன். ஓமத்தண்ணீர் வைத்துக் குடித்தாள், நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் சோடா வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். கடையில் லோடு அனுப்பின பாக்கி விஷயமாக ஒரு ஆள் பிடித்துக்கொண்டான். அவனோடு நின்று பேசினேன், அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சோடாவை உடைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, 'ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா' என்றாள். அவளாக வாய்விட்டு அப்படிக் கேட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

'இந்நேரத்துக்குக் கார் பிடிச்சா திருநெல்வேலிக்கு மூவாயிரம் கேப்பான், விடியட்டும்' என்றேன்.

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கண் சொருக ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டேன். பன்னிரண்டு ஏழுக்கு வாசலில் நின்றது. அதுவும் இலவசம். அந்த மூவாயிரத்துக்கும் வேலையில்லாமல் போயிற்று. நம்மூர் ஆஸ்பத்திரியில் பார்த்து உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தேவர்குளம் தாண்டியதும் கூட வந்த பையன் முன்னால் எட்டி டிரைவரிடம் 'மெதுவாவே போங்கண்ணே' என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நீ வந்து இறங்கினதும் இறங்காததுமாக 'ஏம்ப்பா இவ்ளோ லேட்டாச்சு' என்று கேட்டாய். ஆம்புலன்ஸ் வர நேரமாகிவிட்டது என்று வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். நீ மனு எழுதிப் போட்டாய். விசாரிக்க வந்தவர்களிடம் 'போனது போகட்டும், யாரையும் ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினேன். 'அப்பா மனசு யாருக்கு வரும்' என்று அக்காவிடம் சொன்னாயாம். அந்த டிரைவரை இப்போதும் டீக்கடையில் பார்க்கிறேன். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறான். எத்தனை மணிக்குப் போன் வந்தது என்று அவனுக்குத் தெரியும். இதுவரை ஒருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

என் பற்றில் எழுத வேண்டியதை ஊர்ப் பற்றில் எழுதி ஏழு வருஷமாகக் கணக்கு நேராகிவிட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அந்தத் தப்புக் கணக்கை வைத்து மருமகள் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிறாள், நீயும் பேச வாயில்லாமல் நிற்கிறாய். அதனால்தான் எழுதினேன். ஊரில் குறை இல்லாமல் இல்லை. பெரிய வைத்தியம் என்றால் இன்றைக்கும் திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. அன்றைக்கு நாம் திருநெல்வேலி மாவட்டம். 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு அங்கே ஆஸ்பத்திரி தேவலை என்கிறார்கள், அதுவும் முப்பத்தைந்து கிலோமீட்டர். அந்தத் தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள், அது ஊர்ப் பற்று. அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் எழுதாதீர்கள்.

மருமகளிடம் நான் போனில் சொல்ல நினைத்தேன். அவள் 'மாமா' என்று ஆரம்பித்தால் எனக்கு வராது. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. அக்காவிடம் நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். நீ என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தால் இரு. பாப்பாவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பேசச் சொல்.

முடிவை அவசரப்பட்டு எடுக்காதே. காலாண்டு லீவுக்கு நாலு பேரும் வந்து பத்து நாள் இருந்து பாருங்கள். பொங்கலையும் குற்றாலச் சாரலையும் பார்த்து ஊரை மதிப்புப் போடக் கூடாது. பொதிகையில் டிக்கெட் கிடைத்தால் சங்கரன்கோவிலில் இறங்குங்கள், நான் ஆட்டோவோடு நிற்கிறேன். பிஎஃப் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

மாடித் தண்ணீர் வரும் என்று சொன்னேனே, ஏறிப் பார்க்காமலே சொன்னேன். நேற்று மோட்டார் போட்டுவிட்டு மேலே போனேன், ஒரு சொட்டு வரவில்லை. தொட்டியிலிருந்து வருகிற குழாய் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. பிளம்பர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். பாத்ரூமுக்கு மட்டும் போதுமா, இல்லை, மேலே அடுப்படிக்கும் சேர்த்து லைன் இழுக்கவா என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

அப்பா