யாரைக் கூப்பிடுவது? வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதும் குடும்பம் கைபேசியைத் துழாவத் தொடங்கும். பத்திரம் எழுதிக் கொடுத்த வக்கீலின் எண் இருக்கும், விவாகரத்து வழக்கு பார்த்தவரின் எண்கூட இருக்கலாம். குற்ற வழக்கு நடத்துகிறவரின் எண்ணை யார் முன்கூட்டியே சேமித்து வைக்கிறார்கள்? கடைசியில் காவல் நிலைய வாசலில் யாரோ கைகாட்டும் ஆளிடம் முன்பணம் போய்ச் சேர்கிறது. அவர் திறமைசாலியாக அமைந்துவிட்டால் அது அதிர்ஷ்டம்தான்.

கைதானவர் 48 மணி நேரத்துக்குள் வழக்கறிஞரை அணுக வழி இருக்க வேண்டும் என்கின்றன, 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகள். அது கடைசி எல்லை. விசாரணையில் வாய் தவறிச் சொல்வதும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடும். இங்கிலாந்தில் காவல் நிலையத்தில் வைத்து விசாரிக்கப்படுகிறவர் எந்த நேரத்திலும் இலவச சட்ட ஆலோசனை கேட்கலாம். அதற்கென்று முறை வைத்து வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது அவ்வளவு பெரியதுகூட இல்லை. ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். அங்கே குற்ற வழக்குகளை வழக்கமாக நடத்துகிறவர் யார், ஜாமீன் வாங்கித் தருவதோடு நிறுத்திக்கொள்பவரா, விசாரணை முடியும்வரை வருபவரா, மேல்முறையீடு பார்ப்பவரா, ராத்திரி போன் எடுப்பாரா என்பது அதில் இருக்கட்டும். தரவரிசை வேண்டாம். இலவச சட்ட உதவிக்கான எண்ணையும் அதே தாளில், மேலேயே போடுங்கள்.

விளம்பரம் ஆகிவிடுமே என்று தயங்குவீர்கள். வழக்கறிஞர் விளம்பரத்துக்குத் தடை உள்ள இந்தியாவில்கூட, பெயர், தொடர்பு எண், பதிவு விவரம், எந்தத் துறை வழக்குகள் என்பவற்றைச் சொந்த இணையதளத்தில் போட 2008 முதல் அனுமதி உண்டு. தனி ஆள் போடலாம் என்றால் சங்கம் தொகுத்துப் போடுவதில் என்ன தடை?

உள்ளூர் வக்கீலைத் தேடுவதற்கும் காரணம் இருக்கிறது. அந்த நீதிமன்றத்தில் மனு எப்போது பட்டியலில் ஏறும், எந்தக் காகிதம் குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பது தினமும் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். இந்த அனுபவத்துக்குப் பணம் கொடுக்கலாம். “ஜட்ஜ் நம்ம ஆளு” என்று சொல்லி விலை பேசுகிறவரை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும். பயந்துபோன குடும்பத்தால் முடியாது.

அடுத்தது கட்டணம். ஒரே பக்கம் போதும், எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்: ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, நகல் செலவு அதில் சேருமா, பாதியில் வக்கீலை மாற்றினால் மீதிப் பணமும் வழக்குக் காகிதக் கட்டும் என்ன ஆகும். முக்கியமாக, நீதிமன்றத்தில் எழுந்து பேசப்போவது யார்? சீனியரின் பெயரை நம்பிப் பணம் கட்டிவிட்டு, வாய்தாவுக்கு வாய்தா புதுப்புது ஜூனியரிடம் கதையை முதலிலிருந்து சொல்லும் கட்சிக்காரர்கள் நிறையப் பேர். ஜூனியர் வருவது குற்றமில்லை, முன்பே சொல்லாததுதான் குற்றம். “விடுதலை நிச்சயம், அதற்குத் தனித் தொகை” என்ற பேரத்துக்கும் முடிவு கட்டுங்கள். குற்ற வழக்கில் தீர்ப்பைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நெறிமுறையே சொல்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். எல்லா நீதிமன்றங்களுக்கும் உடனே முடியாது என்றால், கைதானவர்களை முதலில் நிறுத்தும் நீதிமன்றங்களிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கட்சிக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருவர்