பெரிய தவளையை வளர்ப்பது சுலபம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அதிக வேலை வைக்காத செல்லப்பிராணிகள் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஆப்பிரிக்க புல்ஃப்ராக், பேக்மேன் தவளை (தென் அமெரிக்கக் கொம்புத் தவளை) என்ற இரண்டு பெரிய தவளைகளையும் சேர்த்திருந்தீர்கள். குரைக்காது, முடி கொட்டாது, எல்லாம் சரி. ஆனால் ஆப்பிரிக்க புல்ஃப்ராக்கில் ஆண் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், எடை ஒரு கிலோவைத் தாண்டும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20 வருடத்துக்கு மேலும் இருக்கும் என்பதைக் கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லையே. விற்கும்போது அது உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. பத்து வயதுப் பிள்ளை கேட்கிறது என்று வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் தவளை வீட்டில்தான் இருக்கும், அப்போது யார் பார்ப்பது?

நானும் ஒன்று வளர்க்கிறேன், எனக்கு அதன் மேல் ரொம்பப் பிரியம், அதனால் வளர்க்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சுலபம் என்று நம்பி வாங்குகிறவர்களிடம்தான் இவை சாகின்றன. முதலில் தண்ணீர். தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் தண்ணீரில் எது இருந்தாலும் நேராக உடம்புக்குள் போய்விடும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் ஆவியாகிவிடும், ஆனால் சில இடங்களில் குளோரமின் என்ற வேறு கிருமிநாசினியைக் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது, மீன் தொட்டித் தண்ணீரில் குளோரினையும் குளோரமினையும் முறிக்க விடும் திரவத்தை ஊற்றித்தான் முறிக்க வேண்டும். போதாததற்கு, தவளை அதே தண்ணீரில்தான் கழிவும் போடும், அதிலிருந்து வரும் அம்மோனியாவில் ஊறிக் கிடந்தால் அதற்கே விஷமாகிவிடும். ஆகவே தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், அது எப்படி வேலை வைக்காத பிராணி ஆகும்?

அடுத்தது தீனி. வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும், இன்னொரு தவளையைக்கூட, அதனால் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். எலியைப் பிடித்து விழுங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எலியாகவே போடுகிறார்கள். தவளை கொழுத்துப்போகும், கண்ணில் கொழுப்பு படிந்து வெண்மையாகும். கால்சியம் பொடி தூவிய பூச்சிகளும் மண்புழுவும்தான் அன்றாடத் தீனி, கால்சியமும் டி3 வைட்டமினும் குறைந்தால் எலும்பு மென்மையாகித் தாடை வளைந்துவிடும். தொட்டியில் கூழாங்கல் போடவே கூடாது, தீனியோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். புதைந்து உட்காரும் ஆழத்துக்குத் தேங்காய் நார்த்தூள் போடலாம்.

கஷ்டம் என்னவென்றால், இந்தத் தவளைகள் இரை வரும்வரை அசையாமல் காத்திருக்கும் வகை. நன்றாக இருப்பதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும், நோய் வந்ததும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். தீனியை மறுப்பது, அடிவயிறு சிவப்பது, உடம்பு உப்புவது, இவை தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். தவளைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் கிடைப்பது அரிது, அவரைக் கண்டுபிடித்த பிறகு தவளையை வாங்குங்கள்.

அலுத்துப்போய்க் குளத்தில் விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அமெரிக்க புல்ஃப்ராக் பண்ணைகளிலிருந்து தப்பியும் இப்படி வெளியே விடப்பட்டும் பல நாடுகளில் பரவியிருக்கிறது, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. கைட்ரிட் என்ற பூஞ்சையை அது தான் பெரிதாகப் பாதிக்கப்படாமலே சுமந்து போய் மற்றத் தவளைகளுக்குக் கொடுக்கும். அந்தப் பூஞ்சையால் 501 நீர்நில வாழ்வன இனங்கள் குறைந்துபோயின, அவற்றில் 90 அழிந்தே போயிருக்கக்கூடும் என்று 2019-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தொட்டித் தண்ணீரைக்கூடக் கிருமி நீக்காமல் குளத்திலோ ஓடையிலோ கொட்டக்கூடாது.

இன்னொன்று, கட்டுரைக்கு நீங்கள் போட்டிருந்த படம் கோலியாத் தவளை. கேமரூன், எக்குவடோரியல் கினி நாடுகளில் வேகமாக ஓடும் ஆறுகளில் வாழ்வது, 30 சென்டிமீட்டரும் 3 கிலோவும் தாண்டும், அழியும் ஆபத்தில் இருக்கிறது. அதைத் தொட்டிக்குக் கொண்டுவர யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அதோடு வளர்ப்பிடத்தில் பிறந்த குட்டிதானா என்று கேட்டு, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் பார்த்து வாங்கச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்