காலை 7.10 டவுன் பஸ்ஸை மீண்டும் இயக்கக் கோரும் மனு (நான்காவது முறை)

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு, காலனி, செங்கல் சூளைப் பகுதிப் பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: கல்லூரி மாணவ மாணவியருக்காகக் காலை 7.10 நடையை மீண்டும் விட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த இரண்டு மனுக்கள், முதல்வரின் முகவரி தளத்தில் பதிந்த மனு ஒன்று. ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இணைப்பில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போன ஐப்பசியில் ஏரி மதகு உடைந்தபோது முழங்கால் தண்ணீரில் தாங்களே இறங்கி நின்றீர்கள். அந்த மதகுக்கு எதிரே இருக்கும் நிழற்குடைதான் எங்கள் பஸ் ஸ்டாப். அங்கே காலை 7.10-க்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றது. எல்லாம் சரியானதும் வரும் என்றார்கள். பள்ளி திறந்தது, கல்லூரி திறந்தது, மற்ற வண்டிகள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டன, இது மட்டும் இன்றுவரை வரவில்லை.

இந்த மனுவை எழுதுகிற நான் அந்த வண்டியில் மூன்று வருடம் போய் பி.எஸ்சி. முடித்தவள். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. இப்போது சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த வருடம் எங்கள் மூன்று தெருவிலிருந்து அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறவர்கள் 14 பேர், அதில் 9 பேர் பெண்கள். ஒருத்தர் வீட்டில்கூட அப்பா அம்மா கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

1. இப்போது எங்களுக்கு வரும் முதல் வண்டி 8.50. அது டவுனுக்குப் போய்ச் சேர 9.45 ஆகிவிடும். கல்லூரியில் முதல் வகுப்பு 9 மணிக்கு.

2. அதனால் பிள்ளைகள் ஏரிக்கரை மேலேயே 4 கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்குப் போகிறார்கள். அங்கே வருவது வெளியூர் வண்டி, கை காட்டினாலும் நிற்காது, நின்றாலும் இலவசப் பயணம் கிடையாது. மிச்சம் இருப்பது ஷேர் ஆட்டோ. போக 25, வர 25. மாதம் 22 நாள் கல்லூரி என்றால் 1,100 ரூபாய். புதுமைப்பெண் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கும், 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அரசு கொடுப்பது மாதம் 1,000. புத்தகம் வாங்க, ரெக்கார்டு நோட்டு வாங்கக் கொடுக்கும் பணம் முழுசாக ஆட்டோவுக்குப் போய், அதற்கு மேல் 100 ரூபாய் வீட்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது ஐயா. அரசு வண்டி வராத ஒரே காரணத்தால் அரசு கொடுத்த பணம் இப்படிப் போகிறது.

3. எங்களுக்கு வயிறு எரிவது இதற்குத்தான். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டலாம், ரொம்பக் குறைந்தால் அதுவும் கிடையாது. காலையில் வருகை எடுத்து முடித்தபிறகு உள்ளே போனால் அரைநாள் லீவு. சூளையில் கல் அறுக்கிறவரின் மகள் ஒருத்தி, பிளஸ் டூவில் 500-க்கு மேல் எடுத்து வேதியியல் சேர்ந்தாள். காலை ஆறரைக்கே ரெக்கார்டு நோட்டைப் பால் கவரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். மழைக்காலத்தில் அந்த நேரம் மேகம் மூடி மங்கலாகவே இருக்கும், அவள் அம்மா கையில் டார்ச்சோடு மெயின் ரோடு வரைக்கும் கூடவே நடந்து போய் விட்டுவிட்டு, திரும்பி வந்து சூளைக்கு ஓடுவார். கரை சேறாகிவிட்டால் நடக்கவே முடியாது, 8.50 வண்டிதான். கையில் ஆட்டோக் காசு இல்லாத நாளும் 8.50 வண்டிதான். கார்த்திகையில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். அவளுக்கு 61 சதவீதம். அபராதம் கட்டவும் வழியில்லை, அடுத்த வருடம் வா என்று சொல்லிவிட்டார்கள். "இனி போகலக்கா, அப்பா மாப்ள பாத்துட்டாரு" என்று என் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். தை மாதம் கல்யாணம் முடிந்துவிட்டது. அவளுக்கு 19 வயது. அவள் படிக்காமல் போகவில்லை, சோம்பல் படவில்லை, தினமும் நடந்தாள். இதை எந்தக் கோப்பில் எழுதுவீர்கள்?

4. மூன்றாவது மனுவுக்கு மட்டும் ஒரு வரிப் பதில் வந்தது: "வருவாய் குறைந்த தடம், பரிசீலனையில் உள்ளது." அப்புறம் செல்போனில் மனு முடித்து வைக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி. யாருக்கு முடிந்தது ஐயா? 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அந்தத் தொகையை அரசே போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது, கல்லூரிப் பையன்களுக்குப் பாஸ் இருக்கிறது. இவர்களை ஏற்றிப் போகிற வண்டியில் டிக்கெட் வருவாய் எங்கிருந்து வரும்? உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2021-22-ல் நாடு முழுவதும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்று கேட்கும்போது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு. எங்கள் பிள்ளையும் சேர்ந்தவள்தான்.

5. புதிய வண்டி கேட்கவில்லை, புதிய தடம் கேட்கவில்லை. ஏற்கெனவே ஓடிய நடை. 7.10 முடியாது என்றால் 7.30-க்காவது விடுங்கள். 8.50 வண்டியையே முன்னால் தள்ளினாலும் சரி, பெரியவர்கள் நாங்கள் மதியம் போய்க்கொள்கிறோம்.

6. இன்னும் இரண்டு பேருக்கு இந்த செமஸ்டரில் வருகைப்பதிவு 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது. பரீட்சைக்கு எட்டு வாரம்தான் பாக்கி.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை பணிவாக எழுதிப் பார்த்துவிட்டோம். காலை 7.10 வண்டியைத் திரும்ப விடும்படி மறுபடியும் கைகூப்பிக் கேட்கிறோம். ஒரு நாள் காலை ஆறரைக்கு நேரில் வாருங்கள் ஐயா. நிழற்குடையில் நாங்கள் நிற்கிறோம், தங்களோடு மெயின் ரோடு வரைக்கும் நடந்து வருகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக
(61 பேரின் கையெழுத்தும் கைநாட்டும் இணைப்பில்)