இல்போர்டுக்கு விளையாட வந்தவர்களின் வரலாறு: குறைநிற்கும் 3,530 பவுணுக்கான வேண்டுகோள்

கிழக்கு லண்டனின் இல்போர்ட், செவன் கிங்ஸ், நியூபரி பார்க், மேனர் பார்க், ஈஸ்ட்ஹாம் வாழ் அன்பு உறவுகளுக்கு,

விநாயகப் பெருமானை வணங்கி இதை எழுதுகிறோம். நேராகவே விசயத்துக்கு வருகிறோம். ஜூலை 31ஆம் திகதி எங்கள் பிள்ளைகளின் உதைபந்தாட்ட நாளும் அதோடு சேர்ந்த வரலாற்றுக் கண்காட்சியும் நடக்க வேண்டும். அதற்கு அச்சகத்துக்கும் படங்களின் உரிமைக்காரருக்கும் கொடுக்க வேண்டிய காசு ஜூன் 20ஆம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். மொத்தச் செலவு 9,400 பவுண். கையில் இருப்பது 5,870. மீதி 3,530 பவுணுக்குத்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது இல்போர்ட் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் போகிற காசு அல்ல, அவர்கள் எங்களிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நம் பிள்ளைகள் பந்து உதைக்கிற இந்த ஊருக்கு யார் யாரெல்லாம் விளையாட வந்தார்கள் என்பதை, தமிழிலும் ஆங்கிலத்திலும் 12 பலகைகளில் எழுதி வைக்க வேண்டும் என்பது பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தி எடுத்த முடிவு. அந்த முடிவுக்குத்தான் காசு கேட்கிறோம்.

ஏன் ஜூலை 31? 1948ஆம் ஆண்டு அதே நாளில், ஒரு சனிக்கிழமை, லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய உதைபந்தாட்ட அணி பிரான்சை எதிர்த்து விளையாடியது இல்போர்டில்தான். போர் முடிந்து 3 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கடைகளில் இன்னும் பங்கீட்டு அட்டைக்குத்தான் சாமான். வந்த வீரர்களை விமானப்படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்கவைத்தார்கள். விளையாட்டு விழாவுக்கென்று புதிய அரங்கு கட்ட நாட்டிடம் காசு இல்லை. அதனால் டல்விச், வால்தம்ஸ்டோ, இல்போர்ட் என்று சம்பளமில்லா ஆட்டக்காரர்கள் விளையாடிய புறநகர் மைதானங்களுக்கும் ஒலிம்பிக் ஆட்டங்கள் வந்தன.

இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட முடியவில்லை. அணித்தலைவர் தலிமெரன் ஆவோ, நாகா மலையிலிருந்து கல்கத்தாவுக்கு மருத்துவம் படிக்க வந்தவர். இரண்டு நாள் முன்னர் வெம்பிளியில் நாட்டின் கொடியை ஏந்தி வந்தவரும் அவர்தான். அணியில் பெரும்பாலானவர்கள் சப்பாத்து இல்லாமலே இறங்கினார்கள். எதிரே ஆணி வைத்த சப்பாத்தோடு பிரெஞ்சுக்காரர்கள். 30ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் முந்தியது. 70ஆவது நிமிடத்தில் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் அடித்துச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேசக் கோல் அது. இரண்டு பெனால்டிகள் கிடைத்தும் இரண்டும் உள்ளே போகவில்லை. 89ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் இரண்டாவதை அடித்து 2-1 என்று வென்றது. பார்க்க வந்திருந்தவர்கள் ஏறக்குறைய 17,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இந்த ஊர்ச் சனம், வெறுங்காலோடு ஆடியவர்களுக்குக் கை தட்டிய சனம்.

"அது இந்தியாவின் ஆட்டம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு என்ன?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. இலங்கை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்ததும் அதே 1948இல்தான். அதே ஜூலை 31ஆம் திகதி, வெம்பிளியில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஒரே நாள், ஒரே நகரம். இங்கு பிறந்த நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கு வந்த உற்சாகத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்கமாட்டார்கள்.

ஆனால் கண்காட்சி 1948 பற்றியது மட்டுமல்ல. இல்போர்ட் கழகம் தொடங்கியது 1881இல். 1905இல், லண்டன் பக்கத்துச் சம்பளமில்லா ஆட்டக்காரர்களின் கழகங்களுக்கான இஸ்த்மியன் லீக்கைத் தொடங்கிய ஆறு கழகங்களில் அதுவும் ஒன்று. மற்ற ஐந்து: கசுவல்ஸ், சிவில் சேர்விஸ், கிளப்டன், ஈலிங், லண்டன் கலிடோனியன்ஸ். வென்றவர்களுக்குக் கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை, மரியாதை ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்ட லீக் அது. எதிரணியின் கதையை அறியாமல் சொந்த அணியின் கதையைச் சொல்ல முடியாது என்பது எங்கள் கருத்து. அதனால் வந்து மோதிய கழகங்களுக்கும் தனித்தனிப் பலகை வைக்கிறோம்.

லண்டன் கலிடோனியன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்குப் பிழைக்க வந்த ஸ்கொட்லாந்துக்காரர் 1886இல் தங்கள் ஆட்களுக்கென்று தொடங்கிய கழகம், நம் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இங்கு முளைத்ததைப் போல. இஸ்த்மியன் லீக்கின் முதல் வெற்றியாளர்கள் அவர்கள்தான். 1923இல், சம்பளமில்லா ஆட்டக்காரர்களின் கழகங்களுக்கான அமெச்சூர் கோப்பையையும் வென்றார்கள். 1939இல் கழகமே இல்லாமல் போனது. இன்று லண்டனில் அந்தப் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எதுவும் போய்ச் சேராது என்று நம் சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் கிளப்டன். பக்கத்தில் போரஸ்ட் கேற்றில் ஓல்ட் ஸ்பொட்டட் டோக் மைதானத்தில் விளையாடியவர்கள். 1890இல் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகருக்குப் போய் பெல்ஜிய அணியை 7-0 என்று வென்று, ஐரோப்பியக் கண்டத்தில் ஆடிய முதல் ஆங்கிலக் கழகம் என்று பெயர் எடுத்தவர்கள். அந்தக் கழகத்தில் ஆடித்தான் வோல்ட்டர் டல் மேலே வந்தார். தந்தை பார்படோசிலிருந்து வந்தவர், பெற்றோரை இழந்து பெத்னல் கிறீன் அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளை. கிளப்டனிலிருந்து ரொட்டன்ஹாமுக்குப் போனார். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் அதிகாரியாகித் தன் ஆட்களை வழிநடத்தினார். 1918 மார்ச் 25இல் பிரான்சில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. இந்தப் பலகையின் முன்னால் நம் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறோம். நிறத்தைப் பார்த்துக் கூச்சலிடுவதை மைதானத்தில் கேட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்த பிள்ளைகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள்.

இல்போர்டின் பெருமையும் குறைந்தது அல்ல. 1929இல் லேட்டனை 3-1 என்றும், 1930இல் போர்ன்மத் காஸ்வேர்க்ஸை 5-1 என்றும் வென்று அமெச்சூர் கோப்பையை அடுத்தடுத்த ஆண்டுகளில் கொண்டு வந்தார்கள். 1974இல் கடைசி அமெச்சூர் கோப்பை இறுதியாட்டம் வெம்பிளியில் நடந்தபோதும் இல்போர்ட் அங்கே நின்றது. பிஷப்ஸ் ஸ்ரோட்பேர்ட் 4-1 என்று வென்றது. பிறகு கெட்ட காலம். நியூபரி பார்க் லின் றோட்டில் இருந்த பழைய மைதானம் கைவிட்டுப் போனது, இன்று அங்கே வீடுகள். 1979இல் பரம எதிரியான லேட்டன்ஸ்ரோனோடு இணைந்தார்கள். அந்த இணைப்பு 1988இல் வால்தம்ஸ்டோ அவென்யூவோடும் 1992இல் டகனத்தோடும் சேர்ந்து டகனம் அன்ட் ரெட்பிரிட்ஜ் ஆனது. இதற்கிடையில், 1987இல், ஊர் பெயரை விடமாட்டோம் என்று சிலர் இல்போர்ட் கழகத்தை மறுபடி தொடங்கினார்கள். அது இன்று செவன் கிங்ஸ் பக்கம் கிரிக்கிள்பீல்டில் விளையாடுகிறது. பேருந்தில் போகும்போது அந்த மைதானத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போகிறோம்.

இனிக் கணக்கு. ஒளிப்பு மறைப்பு இல்லை.

12 பலகைகளின் வடிவமைப்புக்கும் அச்சுக்கும் பலகை ஒன்றுக்கு 145 பவுண் வீதம் 1,740. பழைய படங்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு 960, இதில் பேரம் பேச இடமில்லை. மைதானமும் உடைமாற்றும் அறையும் ஒரு நாள் வாடகை 1,150. நடுவர்களுக்கும் முதலுதவிக்கும் 620. காப்புறுதி 480, இது இல்லாமல் ஒரு பிள்ளையையும் மைதானத்தில் இறக்க மாட்டோம். எட்டு அணிகளுக்கும் கூட வருபவர்களுக்கும் மதிய உணவும் தேநீரும் 1,350. விழா மலர் 500 பிரதிகள் 1,900. பலகைகளைத் தாங்கும் நிலைச்சட்டமும் வாகனமும் 700. எதிர்பாராத செலவுக்கு 500. கூட்டிப் பாருங்கள், 9,400 வரும்.

உணவுச் செலவைக் குறைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். குறைக்க மாட்டோம். விளையாட வந்த அணியை வெறும் வயிற்றோடு அனுப்புவது நம் பழக்கமும் இல்லை, இந்தச் சின்னக் கழகங்களின் பழக்கமும் இல்லை. மழை பெய்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குத் தேநீரும் ஏதாவது கடியும் வைத்துத்தான் அனுப்புவார்கள். அன்று ரோல்சும் வடையும் அம்மாமார் செய்து தருகிறோம் என்று ஏற்றிருக்கிறார்கள். சாமான் செலவு மட்டுமே கணக்கில் போட்டிருக்கிறோம்.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை நடத்தும் அண்ணர், கேட்ட அன்றே 500 பவுணை எடுத்து வைத்துவிட்டு, "பெயர் போட வேண்டாம்" என்றார். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தன் கணவரின் நினைவு நாளுக்கு அன்னதானத்துக்கென்று வைத்திருந்த 300 பவுணை, "பிள்ளைகள் சாப்பிட்டால் அதுவும் அன்னதானம்தான்" என்று தந்தார். இரவு வேலை முடித்து நேரே வந்து, சீருடையோடு நின்று 50 பவுண் கொடுத்துப் போன பேருந்துச் சாரதித் தம்பி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அண்மையில் வந்து குடியேறிய மூன்று கணினித் துறைக் குடும்பங்கள், எங்கள் கூட்டத்துக்கு வந்த முதல் நாளே ஆளுக்கு 200. தமிழ் மட்டுமா? எதிர்வீட்டு ஆங்கிலேயத் தாத்தா, சிறு வயதில் லின் றோட்டில் நின்று ஆட்டம் பார்த்தவர், தன்னிடம் இருந்த பழைய ஆட்ட ஏடுகளை ஒரு சப்பாத்துப் பெட்டியில் கொண்டு வந்து கையில் தந்து, கூடவே 40 பவுணும் வைத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். மைலோ தகரத்தில் ஓட்டை போட்டு உண்டியல் வைத்தார்கள். பொருளாளர் மேசையில் கொட்டி எண்ணியபோது 83 பவுண் 40 பென்ஸ். பெரும்பாலும் 20 பென்ஸ் காசுகள். அவற்றுக்கு நடுவில் ஓர் இலங்கை ஐந்து ரூபாய்க் குற்றியும் இருந்தது, அப்பம்மாவின் கைப்பையிலிருந்து வந்திருக்க வேண்டும். அதையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்போது மனம் நோகாமல் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்ன 14 குடும்பங்களிடமிருந்து 1,240 பவுண் இன்னும் வரவில்லை. தைப்பொங்கலுக்குச் சொன்னது, சித்திரை வருடப்பிறப்பும் போய்விட்டது. யாருடைய பெயரையும் சொல்ல மாட்டோம். எல்லோருக்கும் கஷ்டம் இருக்கிறது, வீட்டுக் கடன் வட்டி ஏறியிருக்கிறது, தெரியும். முடியாவிட்டால் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம். ஆனால் சபையில் சொன்ன சொல்லை நம்பித்தான் அச்சகத்துக்கு நாள் குறித்தோம். அந்தக் காசு வந்துவிட்டால் மற்ற எல்லோரும் சேர்ந்து தேட வேண்டியது 2,290 பவுண் மட்டுமே.

ஒரு பிறந்தநாள் மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் நாங்கள் என்ன செலவழிக்கிறோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு மேசைக் காசு ஒரு பலகைக்குப் போதும். 145 பவுண் தரும் குடும்பம் தான் விரும்பிய ஒரு பலகையைப் பொறுப்பேற்கலாம், அடியில் குடும்பப் பெயர் வரும். கிளப்டன் பலகையையும் 1948 பலகையையும் ஏற்கெனவே ஏற்றுவிட்டார்கள். கலிடோனியன்ஸ், சிவில் சேர்விஸ், லேட்டன்ஸ்ரோன், 1974 இறுதியாட்டம் ஆகியவற்றுக்கு இன்னும் ஆள் இல்லை. 1863இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தைத் தொடங்கிய கழகங்களில் இன்றுவரை ஆடிக்கொண்டிருப்பது சிவில் சேர்விஸ். அதற்கு ஆள் இல்லாமல் இருப்பது எங்களுக்கு ஆச்சரியம்தான்.

ஆடி மாதத்தில் நல்ல காரியம் தொடங்கலாமா என்று சில அம்மாமார் கேட்டார்கள். இது புதுக் காரியம் தொடங்குவது அல்ல, நடந்த ஒன்றை நினைவுகூருவது என்று ஐயரிடமும் கேட்டுத் தெளிந்துவிட்டோம். அன்று காலை கோவிலில் பிள்ளைகளின் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டே மைதானத்துக்குப் போகிறோம். தந்தவர்கள் எல்லோருடைய பெயர் நட்சத்திரமும் அதில் சேரும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். விமானம் ஏறும் முன் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது கண்காட்சி முடிந்திருக்கும், ஆனால் பலகைகள் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் இருக்கும். மலர் ஒன்றை உங்களுக்கென்று எடுத்து வைப்போம்.

காசை சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 1 மணி வரை தமிழ்ப் பாடசாலை வாசல் மேசையில் பொருளாளரிடம் நேரில் தரலாம். வங்கி மூலம் அனுப்ப விரும்புவோருக்குக் கணக்கு விபரத்தை அவரே எழுதித் தருவார். ஐந்து பவுணானாலும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவுக் கணக்கு ஆகஸ்ட் இறுதியில் மண்டப அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். கடைசி நாள் ஜூன் 20. அன்று மாலை 5 மணிக்கு அச்சகத்துக்குப் போகிறோம்.

இங்ஙனம்,
பெற்றோர் உதைபந்தாட்ட நாள் ஏற்பாட்டுக் குழுவினர்,
இல்போர்ட்