தோல் படையை மறைக்க விடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தில் மூட்டுவலி, தசைப்பிடிப்பு பற்றியெல்லாம் விரிவாகப் போடுகிறீர்கள். ஆனால் மல்யுத்தம், ஜூடோ, ரக்பி மாதிரி உடம்போடு உடம்பு உரசுகிற ஆட்டங்களில் தொற்றிக்கொள்ளும் தோல் நோய் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. மல்யுத்தம் கற்றுக்கொடுக்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. 1989இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஒரு மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் என்ற வைரஸால் வரும் கொப்புளம் பரவியது. அந்த வைரஸ் ஒருமுறை உள்ளே போனால் ஆயுசுக்கும் நரம்பிலேயே தங்கிவிடும், கண்ணுக்குப் போனால் பார்வையே பறிபோகலாம். 2003இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் 5 வீரர்களுக்கு, பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ கிருமியால் சீழ் கட்டியபோது ஆராய்ந்து பார்த்தார்கள். கட்டி வந்ததெல்லாம் தரையில் உரசிச் சிராய்த்த இடங்களில், போதாததற்கு ஒரே துண்டால் ஆள் மாற்றி ஆள் துடைத்திருக்கிறார்கள்.

பையன்கள் அதிகம் மறைப்பது, பூஞ்சையால் வட்டவட்டமாக வரும் படர்தாமரையைத்தான். வெளியே சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்ற பயம், அதனால் மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், இல்லாவிட்டால் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும், ஆனால் பூஞ்சை உள்ளுக்குள் தாராளமாகப் பரவும், வட்டமும் கலைந்துபோவதால் அப்புறம் டாக்டருக்கே கண்டுபிடிப்பது கஷ்டம். சரியான பூஞ்சை மருந்தானாலும் படை மறைந்த அன்றே நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்ன வாரக்கணக்கு முடியும்வரை போட வேண்டும். தலையில் வந்தால் களிம்பு போதாது, மாத்திரைதான்.

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த விதிப்படி, முதன்முறை ஹெர்பீஸ் வந்தவர் மறுபடி ஆட இறங்க 120 மணி நேரமாவது மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும், கடைசி 72 மணி நேரத்தில் புதுக் கொப்புளம் இருக்கக் கூடாது, பழையது காய்ந்து பொருக்காகியிருக்க வேண்டும். பச்சைப் புண்ணை மூடிக்கொண்டு ஆட அனுமதியே கிடையாது. எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பயிற்சியாளர்களே, தினமும் பயிற்சிக்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் பிள்ளைகளின் தோலைப் பாருங்கள். விரிப்பைக் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள், முடிந்த கையோடு சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, தானே வந்து காட்டுகிற பையனின் இடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அப்படி ஒரு தடவை நடந்தால் போதும், அடுத்தவன் வாயே திறக்க மாட்டான்.

ஆசிரியர் அவர்களே, ஒரு தோல் மருத்துவரிடம் கட்டுரை கேட்டு வாங்கி, படர்தாமரை, ஹெர்பீஸ், சீழ்க்கொப்புளம் மூன்றும் ஆரம்பத்தில் எப்படி இருக்கும் என்று பெரிய வண்ணப் படங்களோடு போடுங்கள். பயிற்சிக்கூடச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மல்யுத்தப் பயிற்சியாளர்