மீனுவுக்கு அந்த மாத்திரை வேண்டாம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தியின் அரங்கேற்றம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். அதற்கு விரிவாக அப்புறம் எழுதுகிறேன். முதலில் உன் பூனை மீனு விஷயம்.

ரெண்டு நாளாகத் தும்முகிறாள், கண்ணில் நீர் வடிகிறது, உன் தொண்டை வலிக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கில் 4 மாத்திரை மிச்சம் இருக்கிறது, பாதி பாதியாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. இதைச் சொல்லத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பட்டுவிட்டேன் கோமதி. ஆவணியில் எங்கள் மணி சோறு தொடாமல் சுருண்டு கிடந்தான். இவருக்கு வாங்கிய அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாட்டிக் பிரிட்ஜ் மேல் டப்பாவில் கிடந்தது. மனுஷனுக்குக் கேட்பது நாய்க்குக் கேட்காதா என்று நானே டாக்டராகி 4 நாள் கொடுத்தேன். அஞ்சாம் நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனால் திண்ணையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். அவன் மூக்கிலிருந்து.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு ஓடினோம். ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் அணு 2 லட்சமாவது இருக்க வேண்டியது, 38 ஆயிரம்தான் இருந்தது. உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா என்கிற பாக்டீரியா உண்ணி கடிக்கும்போது உள்ளே போய், ரத்த வெள்ளணுவுக்குள்ளேயே குடியிருக்குமாம். அமாக்சிசிலினுக்கு அங்கே வேலையே இல்லை. அணுவுக்குள் நுழையும் டாக்சிசைக்ளின்தான் கேட்கும். என் கைவைத்தியத்தில் 4 நாள் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

மணி 20 கிலோ. 100 மில்லிகிராம் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. 28 நாளைக்கு 56 மாத்திரை. அவனுக்குப் பிடித்த தயிர்சாதத்தில் பொதிந்து கொடுத்துவிட்டுப் பெருமையாக டாக்டரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தயிரில் இருக்கிற கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் முழுசாகச் சேராதாம். சரி என்று இட்லிக்கு மாறினேன். இட்லி காலி. சாயங்காலம் கூட்டும்போது பார்த்தால் மாத்திரை மட்டும் நக்கிச் சுத்தமாகத் திண்ணை மூலையில் கிடக்கிறது!

ஆறாம் நாளே பால்காரரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்துவிட்டான். இவர், "அதான் தேறிட்டானே, இன்னும் எதுக்கு?" என்றார். நான் விடவில்லை. காய்ச்சல் விட்டாலும் கிருமி உள்ளே பதுங்கியிருக்கும், பல மாசம் கழித்துக்கூடத் தலைதூக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 56-உம் உள்ளே போனது.

மீனு கதை வேறு. பூனைக்கு வருகிற தும்மலும் கண்ணீரும் பெரும்பாலும் ஹெர்ப்பிஸ், காலிசி வைரஸ்களின் வேலை. வைரஸை எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடாது. சளி தண்ணியாக இருந்து, அவள் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் 10 நாள் வரைகூடப் பொறுத்துப் பார்ப்பார்கள். மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் வாய் வைக்காது. மீனை இளஞ்சூடாக்கி வை. சளி மஞ்சளாகிக் கெட்டியானாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ உடனே டாக்டரிடம் தூக்கிப் போ. அவரே டாக்சிசைக்ளின் எழுதினால், மாத்திரைக்குப் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் புகட்டிவிடு. வெறும் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இன்னொன்று, காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதே. பூனைக்கு அது விஷம்.

இரண்டு நாளில் சளி என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுது. மணி நன்றாக இருக்கிறான். இட்லியை மட்டும் முன்காலால் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்னமும் சாப்பிடுகிறான்.

அன்புடன்,
செல்வி