மலை ஏறும் முன் மராங்கு

அன்புள்ள மகளுக்கு,

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏறப்போவதாக நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் காலணி, கம்பளி பற்றியே பேச்சு. நான் கேட்பது வேறு. ஏறுவதற்கு முந்தைய நாளை மராங்கு கிராமத்துக்கு ஒதுக்கு. உங்கள் பாதை தொடங்கும் வாசலுக்குக் கொஞ்சம் கீழேதான் ஊர். மாமா மலையடிவார நகரமான மோஷியில் வேலையாக இருந்தபோது நான் போய் நடந்தேனே, அந்த ஊர்தான். உள்ளூர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக வைத்துக்கொள். எந்த வீட்டுக்குள் நுழையலாம், எங்கே வெளியே நிற்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் தோட்டங்களைப் பார். அந்த மலைச்சரிவில் வாழும் சாக்கா மக்கள் அவற்றைக் கிஹம்பா என்பார்கள். உயர்ந்த மரங்களின் நிழலில் வாழை, வாழை நிழலில் காப்பி, அதற்கும் கீழே சேம்பு, பீன்ஸ். மாடு கொட்டிலிலேயே நிற்கும். பெண்கள் சமவெளி வரை போய்ப் புல் அறுத்துத் தலையில் சுமந்து வருவார்கள். சாணம் வாழைக்குப் போகும். மலைச்சரிவில் ஒரு கை நிலத்தைக்கூட வீணாக்காத இந்த விவசாயத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். அதே மலையில் இருக்கும் ஷிம்ப்வே ஜூ என்ற ஊரின் கிஹம்பாவை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

முன்னோர் கல்லறைகளும் அந்த வாழைகளுக்கு நடுவில்தான் இருக்கும். கேட்காமல் படம் எடுக்காதே. எல்லைகளில் மசாலே என்று நீண்ட இலைச் செடி நட்டிருப்பார்கள். சண்டை போட்டவர் மன்னிப்புக் கேட்கப் போகும்போது அதன் இலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

அப்புறம் சந்தை. அங்கே அதிகம் பெண்கள்தான். காப்பிப் பணம் காலங்காலமாக ஆண்களுடையது, வாழையும் பாலும் விற்ற காசு பெண்களுடையது. காப்பி விவசாயிகள் ஒன்றுசேர்ந்து 1933இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த பெருமையை வழிகாட்டிகள் மறக்காமல் சொல்வார்கள். ஆனால் காப்பி விலை சரிந்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அம்மாக்கள் விற்ற வாழைத்தாரால்தான் என்று நான் நினைக்கிறேன். அதனால் பேரம் பேசாமல் ஏதாவது வாங்கு. பெரியவர்களைக் கண்டால் "ஷிகமோ" என்று வணக்கம் சொல். முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

கேழ்வரகு மூட்டைகளையும் பார்ப்பாய். நம் கூழுக்கான தானியம் பிறந்தது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில்தான். அங்கே வேகவைத்துப் புளிக்கவிட்ட வாழைப்பழத்தோடு முளைகட்டிய கேழ்வரகைச் சேர்த்து ம்பெகே என்ற மது செய்கிறார்கள். ருசிக்க வேண்டுமானால் ஒரு வாய் போதும், மறுநாள் மலை ஏற வேண்டும். ம்டோரி கிடைத்தால் வயிறாரச் சாப்பிடு. இறைச்சியோடு வாழைக்காய் கரையக் கரைய வேகவைத்த சூப் அது.

எனக்காக ஒன்று செய். ஓடைத் தண்ணீரை மேலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரும் பழைய வாய்க்கால்கள் அங்கே உண்டு. யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று ஊர்க்காரர்களே முறை வைத்துக்கொள்வார்கள். நிலம் பிள்ளைகளுக்குள் பங்காகிச் சிறுத்துவிட்டது, இளையவர்கள் பலர் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்று அப்போதே சொன்னார்கள். இப்போது அந்த வாய்க்கால்களைத் தூர்வாருவது யார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா